ரெண்டு மணிக்குத் தண்ணி வராத வீடு

விற்பனைக்கு இருந்த ஒரு வீட்டின் சாவி மூன்று மாதம் என் இடுப்பில் இருந்தது. அந்த மூன்று மாதமும் அந்த வீடு விற்காமல் இருக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவும் இல்லை. எங்கள் வீட்டுக்காரரிடம்கூட வெகு நாள் கழித்துத்தான் இதைச் சொன்னேன்.

விருத்தாசலத்தில் அப்போது மாடி வீடு என்றால் கடைத்தெருவில் சில, ஸ்டேஷன் பக்கம் சில. ஒரே கட்டடத்தில் ஒன்பது குடும்பம் ஒன்றின் தலைமேல் ஒன்றாகக் குடியிருந்தது ஜங்ஷன் ரோட்டில் இருந்த கூட்டுறவுச் சங்கத்துக் கட்டடத்தில் மட்டும்தான். டாக்டர், வக்கீல், பேங்க் ஏஜெண்ட், ரயில்வேயில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் எல்லாம் சேர்ந்து சங்கம் வைத்துக் கட்டிக்கொண்டது. ஊரில் அதைச் ‘சங்கத்து மாடி’ என்பார்கள். அந்தப் பக்கம் போனால் அண்ணாந்து பார்க்காமல் யாரும் போகமாட்டார்கள். கக்கூசு வீட்டுக்குள்ளேயே இருக்குதாம் என்று எங்கள் தெருப் பெண்கள் பேசிக்கொள்வார்கள். அதில் பாதிப் பேர் அதை நம்பவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் செராமிக் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார். கப்பு, சாஸருக்குக் கிளேஸ் என்கிற மெருகு ஏற்றும் வேலை. அது போக, ஞாயிற்றுக்கிழமைகளில் சுவரில் ஓடு பதிக்கப் போவார். அப்படித்தான் சங்கத்து மாடியில் ரெண்டாவது மாடி மேற்குப் பக்க வீட்டு வேலை அவருக்கு வந்தது. அது ஒரு லேடி டாக்டருடைய வீடு. ஊரில் பாதிக் குழந்தைகள் அந்த அம்மா கையில் பிறந்தவை, என் மகளும் அதில் ஒருத்தி. டாக்டரம்மாவுக்கு வயதாகிவிட்டது. மெட்ராஸில் மகளோடு போய் இருக்க முடிவு செய்து வீட்டை விற்கப் போனார். விற்பதற்கு முன்னால் அதை முழுசாகப் புதுப்பித்துவிட வேண்டும் என்றார். வாங்குகிறவர்கள் அதைப் பற்றிக் குறை சொல்லித் தான் கேட்கக்கூடாது என்பதுதான் அவருக்குக் கவலை.

வெடித்துக் கிடந்த சிவப்புத் தரையைப் பெயர்த்துவிட்டு மொசைக் போட்டார்கள். உட்கார்ந்து சமைக்கிற அடுப்பை எடுத்துவிட்டு நின்று சமைக்கிற மேடை கட்டினார்கள். மேடைக்கு மேலே நெஞ்சு உயரத்துக்கு வெள்ளை ஓடு பதித்தது எங்கள் வீட்டுக்காரர். நான் மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவேன். அவர் மொட்டை மாடியில் வெயிலில் ஓடுகளைப் பரப்பி வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துப் பிரித்துக்கொண்டிருப்பார். எல்லாம் வெள்ளைதானே என்று கேட்டேன். “வெள்ளையில பத்து வெள்ளை இருக்குது. கலந்து வச்சா ரெண்டு வருஷத்துல சுவரு பல்லு மாதிரி தெரியும்,” என்றார். அவர் வேலையைப் பற்றி அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

பொங்கலுக்குள் வேலை முடிந்தது. டாக்டரம்மா புறப்படுகிற அன்று என்னைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். வீடு பார்க்க வருகிறவர்களுக்கு நான் திறந்து காட்ட வேண்டும். சங்கத்துச் செக்ரட்டரி அந்த வேலை தன்னால் ஆகாது என்று சொல்லிவிட்டாராம். “உள்ளத உள்ளபடி சொல்லு. குறை எதையும் மறைக்காதே,” என்றார் டாக்டரம்மா. நான் தலையாட்டினேன்.

நாங்கள் குடியிருந்தது எஸ்டேட்டுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டியிருந்த ஒற்றை அறை வீடுகளில் ஒன்று. இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கத்து வீட்டில் ‘யாருக்கு உடம்பு சரியில்ல’ என்று கேட்பார்கள். நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது, அப்பா என்னை நிறுத்திவிட்டார். பதினெட்டில் கல்யாணம். இருபத்தாறாவது வயதில், பங்குக் கோயில் பள்ளிக்கூடத்து சிஸ்டர் ஒருவர் சொல்லி, எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையைப் பிரைவேட்டாக எழுதப் பணம் கட்டியிருந்தேன். ஏப்ரலில் பரீட்சை. ஆனால் எங்கள் அறையில் உட்கார்ந்து ஒரு பக்கம் படித்தால் பெரிய காரியம். யாராவது கல்லுரலுக்கு வருவார்கள், குழாயடிக்குக் கூப்பிடுவார்கள். புத்தகத்தோடு இருக்கிற என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். பொல்லாத சிரிப்பில்லை, ஆனால் புத்தகத்தை மூடி வைத்துவிடத் தோன்றும்.

முதல் நாள் சும்மா பெருக்கிவிட்டு வரத்தான் போனேன். கதவைச் சாத்தினேன். சத்தமே இல்லை. கீழே ரோட்டில் ஒரு லாரி போவது எங்கோ தூரத்தில் போவதுபோலக் கேட்டது. சமையல் மேடைக்கு எதிரே ஜன்னல், அதில் எஸ்டேட்டின் புகைபோக்கிகள் தெரிந்தன. அந்த ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தேன். மொசைக் சில்லென்று இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியவில்லை. மறுநாள் புத்தகங்களை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு போனேன்.

அதற்குப் பிறகு தினமும் மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஒன்பது மணிக்குப் போவேன். நாலு மணி அடிப்பதற்குள் கிளம்புவேன். கீழே செக்ரட்டரி ஒரு நோட்டு வைத்திருந்தார். வருகிற நேரம், போகிற நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், எதையும் நேரத்தோடு எழுதி வைக்கிற பழக்கம் போகவில்லை. சங்கத்து விதிகள் அச்சடித்த நீல அட்டைப் புத்தகம் ஒன்று எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். ஒரு நாள் நோட்டைப் புரட்டிக்கொண்டே, ஆளே வராத நாளிலும் ஏழு மணி நேரம் அங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டார். பெருக்கித் துடைக்கிறேன் அய்யா என்றேன். அவர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை.

முதலில் வந்தவர்கள் பேங்க்கில் புதிதாக வந்திருந்த ஆபீசரும் அவர் மனைவியும். நான் நல்லபடியாகத்தான் காட்டினேன். அந்த அம்மாவுக்கு நின்றுகொண்டு சமைப்பது பிடிக்கவில்லை, கால் கடுக்கும் என்றார். யோசித்துச் சொல்வதாகப் போனார்கள். அவர்கள் படி இறங்குகிற சத்தம் நின்றதும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதில்தான் எனக்கே புரிந்தது, இந்த வீடு போய்விடக் கூடாது என்று நான் எவ்வளவு ஆசைப்படுகிறேன் என்று.

அந்தக் கட்டடத்தில் தண்ணீர் மோட்டாரை ஒரு நாளைக்கு ரெண்டு தடவைதான் போடுவார்கள். காலையில் ஆறு மணிக்கு, பிறகு சாயங்காலம் நாலு மணிக்கு. தொட்டி சின்னது. கீழே இருக்கிறவர்கள் பிடித்தது போக, ரெண்டாவது மாடிக் குழாயில் பதினொரு மணிக்கு மேல் காற்றுதான் வரும். அங்கே இருக்கிறவர்கள் காலையிலேயே அண்டாவில் பிடித்து வைத்துக்கொள்வார்கள், அவர்களுக்கு அது ஒரு குறையே இல்லை. அதேபோல மேற்குப் பக்க அறை மத்தியானம் ஒன்றரை முதல் மூன்று வரை சூளை மாதிரி இருக்கும், அதற்கு மேல் பக்கத்துப் புளியமரத்து நிழல் விழுந்துவிடும். நாலரைக்குத் தெற்கு ஜன்னலில் காற்று வந்துவிட்டால் அந்த வீட்டைப்போல இன்னொரு வீடு கிடையாது.

நான் செய்தது இதுதான். வீடு பார்க்க வேண்டும் என்று யார் சொல்லி அனுப்பினாலும், மத்தியானம் ரெண்டு மணிக்கு வாருங்கள் என்று சொல்லிவிடுவேன்.

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து கோயில் காரியம் பார்க்கிற குடும்பம் ஒன்று வந்தது. அப்பா, அம்மா, ஜங்ஷனில் வேலைக்குச் சேர்ந்திருந்த மகன். அந்தப் பெரியம்மா மூச்சு வாங்க ஏறி வந்து மேற்கு அறையில் நின்றார். நான் ஒவ்வொரு குறையாகச் சொன்னேன். வெயிலைச் சொன்னேன், படியைச் சொன்னேன், குழாயைத் திறந்து காட்டினேன். புஸ் என்று காற்று வந்தது. பெரியவர் மகனைப் பார்த்தார். நான் கொண்டுவந்திருந்த செம்புத் தண்ணீரைத்தான் அந்த அம்மாவுக்குக் கொடுத்தேன். கிளம்பும்போது அவர் என் கன்னத்தைத் தொட்டு, “விக்கிற வூட்டப் பத்தி இவ்ளோ உண்மையா யாருமா சொல்றாங்க? நீ நல்லா இருப்ப,” என்றார்.

அன்றைக்கு எனக்கு ஒரு வரி ஏறவில்லை. நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்று எனக்கே பல தடவை சொல்லிப் பார்த்தேன். மறுநாள் மறுபடி படிக்க உட்கார்ந்தேன். பிறகு ஒரு ரைஸ்மில் முதலாளி வந்தார், அவரையும் ரெண்டு மணிக்குத்தான் வரச் சொன்னேன்.

பிப்ரவரி கடைசியில் டாக்டரம்மாவிடமிருந்து கார்டு வந்தது. யாரும் வருவதில்லையா, வீட்டில் ஏதாவது பிடிக்கவில்லை என்கிறார்களா, என்ன என்று எழுது என்று கேட்டிருந்தார். அந்தக் கையெழுத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. ஒரு வாரம் கழித்து, வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று மட்டும் பதில் எழுதினேன்.

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு அக்கா வந்தாங்க. முப்பத்தைந்து வயது இருக்கும். முஸ்லிம் பெண்கள் போர்த்திக்கொள்கிற வெள்ளைத் துப்பட்டி போட்டிருந்தாங்க. கூட வந்த அவங்க அண்ணன் கீழே டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார், வீடு பார்க்கிறது நீதானே, நீயே பார்த்துட்டு வா என்று அனுப்பிவிட்டாராம். வீட்டுக்காரர் துபாயில். பெண் குழந்தைகள் ரெண்டு பேர், ரெண்டு பேரும் விருத்தாசலத்தில் பள்ளிக்கூடத்துக்குத் தினம் பஸ்ஸில் வந்து போகிறார்கள்.

மற்றவர்கள் எல்லாம் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், தரையைத் தேய்த்துப் பார்த்தார்கள். இந்த அக்கா நேரே கதவிடம் போனாங்க. சாத்தி, உள்தாழ்ப்பாளைப் போட்டாங்க. எடுத்தாங்க. மறுபடி போட்டாங்க.

“இந்தத் தாப்பாள நான் போட்டா நான்தான் எடுக்கணும், இல்ல?”

ஆமாங்க என்றேன். என்ன கேள்வி இது என்று தோன்றியது. அவர்களே சொன்னாங்க. மங்கலம்பேட்டையில் வீட்டுக்காரரையும் சேர்த்து அண்ணன் தம்பி மூன்று பேர் குடும்பமும் ஒரே வீடு. வீடு பெரிசுதான், யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் இவர்கள் இருக்கிற அறைக்குக் கதவு கிடையாது, படுதாதான். மூத்தவள் ஒன்பதாவது படிக்கிறாள். அவள் புத்தகத்தோடு உட்கார ஒரு மூலை கிடையாது.

நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். ஆனாலும் வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொன்னேன். வெயில் தாங்காது என்றதற்கு, சாக்கை நனைத்துத் தொங்கவிட்டால் போயிற்று என்றாங்க. படி ஏற முடியாது என்றதற்கு, பிள்ளைகள் ஓடியே ஏறிவிடும் என்றாங்க. சமையல் மேடை முன்னால் நின்று, கையில் கரண்டி இருப்பதுபோலக் கையை ஆட்டிப் பார்த்தாங்க. உயரம் சரியாக இருக்குது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாங்க. ஓட்டைத் தடவிப் பார்த்துவிட்டு யார் பதித்தது என்று கேட்டாங்க. எங்கள் வீட்டுக்காரர் என்றேன். கடைசியில் குழாயைத் திறந்தாங்க. காற்று வந்தது.

“தண்ணி எப்ப வரும்?”

“அதெல்லாம் சொல்ல முடியாதுங்க,” என்றேன்.

அதுவரைக்கும் நான் உண்மையை வைத்துக்கொண்டுதான் ஆட்களை விரட்டியிருந்தேன். வாய் திறந்து சொன்ன முதல் பொய் அது.

“சரி. எனக்கு பஸ்ஸு அஞ்சு மணிக்குத்தான். அதுவரைக்கும் இருந்து பாத்துட்டுப் போறேன்,” என்று சொல்லிவிட்டு அந்த அக்கா கூடத்தில் சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாங்க.

மூன்று மணி ஆயிற்று. வெயில் மேற்கு அறையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போனது. அந்த அக்கா துபாயில் குடிக்கிற தண்ணீரை எப்படி வாங்குவார்கள் என்று வீட்டுக்காரர் எழுதியதைச் சொன்னாங்க. எனக்கு எதுவும் காதில் விழவில்லை. நாலு மணிக்குக் கீழே மோட்டார் போடுகிற சத்தம் கேட்டது. சமையலறைக் குழாயை அவர்கள் திறந்தே விட்டிருந்தாங்க. அது ரெண்டு தடவை இருமிவிட்டு, பாத்திரம் கழுவுகிற தொட்டியில் தடதடவென்று கொட்டியது.

அந்த அக்கா எழுந்து போய்க் கையை நீட்டினாங்க. முகத்தைக் கழுவினாங்க. துப்பட்டி முனையில் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினாங்க.

“நல்லாத்தான கொட்டுது. தெனமும் நாலு மணிக்கு வருமா?”

“வருங்க.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

நான் போய்க் குழாயை மூடினேன். அவர்கள் பார்வை ஜன்னலுக்குக் கீழே போனது. துணிப்பை, விரித்த பாய், கவிழ்த்து வைத்த கணக்குப் புத்தகம் எல்லாம் அங்கேதான் கிடந்தன. அதை எடுத்துப் பார்த்தாங்க. என் பெயர் எழுதியிருந்த பக்கத்தைப் பார்த்தாங்க.

“உங்களுதா? பரீட்சை எப்ப?”

ஏப்ரல் என்றேன். அழுகை வந்துவிட்டது. வந்தவர்களை எல்லாம் ரெண்டு மணிக்கு வரச் சொன்னதை, ஸ்ரீமுஷ்ணத்துப் பெரியம்மாவைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டாங்க. திட்டுவார்கள் என்று நினைத்தேன். புத்தகத்தைத் தட்டி மூடி என் மடியில் வைத்தாங்க.

“எங்களுக்கு இந்த வூடு வேணும். ஆனா ஸ்கூலு தொறக்கும்போதுதான் வருவோம், ஜூன்ல. அதுவரைக்கும் வூடு பூட்டித்தான கெடக்கும்? நீங்க படிங்க,” என்றாங்க.

எழுந்து, தெற்கு ஜன்னலைத் திறந்து, காற்று வருகிறதா என்று பார்த்தாங்க. வந்தது.

வாங்குவதற்கு அவர்கள் ஒப்புக்கொண்டால் போதாது. சங்கத்தில் புது உறுப்பினரைக் கமிட்டி ஏற்றுக்கொள்ள வேண்டும், அதுதான் விதி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நான் பூசை முடிந்து வந்து கதவைத் திறந்து வைத்தேன். காலியாக இருக்கிற வீடுதானே என்று கமிட்டியை அங்கேயே கூட்டியிருந்தார்கள். ஆளுக்கொரு நாற்காலி அவரவர் வீட்டிலிருந்து வந்தது. அந்த அக்காவும் அண்ணனும் வந்திருந்தாங்க. நான் சமையலறை வாசலில் நின்றேன்.

முதல் மாடி வக்கீல்தான் ஆரம்பித்தார். அவருக்கு இந்த அம்மா மேல் மரியாதைதான் என்றார். ஆனால் வீட்டில் ஆம்பளை இல்லை, ரெண்டு பெண் குழந்தைகள், நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் சங்கம் யாரிடம் பேசும், துபாய்க்கா எழுதிப் போடும் என்று கேட்டார். வேண்டுமானால் அண்ணன் பேரில் வாங்கட்டுமே என்றார். இன்னொருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சமையல் வாசனை என்று ஏதோ இழுத்தார். உடனே செக்ரட்டரி, இந்தக் கட்டடத்தில் இப்போதே ரெண்டு வீட்டில் மீன் வேகிறது, விதியில் சமையலைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்றார். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

அண்ணன் பதில் சொல்ல வாயெடுத்தார். அந்த அக்கா அவர் கையைத் தொட்டு நிறுத்தினாங்க.

“வூட்டுல இருக்கப் போறது நான். கையெழுத்தும் நான்தான் போடுவேன். கூட்டத்துக்கும் நான்தான் வருவேன். எதுன்னாலும் எங்கிட்டயே பேசுங்க.”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. டீ வேண்டுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாங்க. செக்ரட்டரி சட்டைப் பையிலிருந்து நீலப் புத்தகத்தை எடுத்தார். அவருடைய விதிகளுக்கு நான் அத்தனை நாள் பயந்திருந்தேன். விரலில் எச்சில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பி, பிளாட்பாரத்தில் அறிவிப்பு சொல்வதுபோல வாசித்தார். உறுப்பினர் பதினெட்டு வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். சித்தசுவாதீனம் உள்ளவராக இருக்க வேண்டும். வீட்டில் தானே குடியிருக்கப் போகிறவராக இருக்க வேண்டும்.

“ஆம்பளையா இருக்கணும்னு எங்கயும் போடல,” என்று புத்தகத்தை மூடினார். “உங்க வயசு என்னம்மா?”

“முப்பத்தாறு.”

“அப்ப சரி.”

சிலர் சிரித்தார்கள். வக்கீலும் லேசாகச் சிரித்தார். ஆனால் விடவில்லை. வீட்டைப் பார்க்க வேறு ஆட்களும் வருகிறார்கள் இல்லையா, இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே என்று என் பக்கம் திரும்பினார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வந்தாங்க அய்யா, ஆனால் யாரும் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை, இவர்கள் ஒருத்தர்தான் ரெண்டு மணியிலிருந்து நாலரை மணி வரை இருந்து வீட்டை முழுசாகப் பார்த்தவர்கள் என்றேன். எனக்கு அவ்வளவுதான் சொல்ல வந்தது. செக்ரட்டரி என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, சம்மதம் என்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார். வக்கீலைத் தவிர எல்லோரும் தூக்கினார்கள். அவரும் எதிர்ப்பு என்று எழுதச் சொல்லவில்லை.

பத்திரம் பதிய டாக்டரம்மா மெட்ராஸிலிருந்து வந்தார். அவரைப் பார்த்ததும் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். ரிஜிஸ்தர் ஆபீஸ் வேப்பமரத்தடியில் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தபோது சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

“ஸ்ரீமுஷ்ணத்துக்காரங்க படி ஏறி வந்துட்டு அப்படியே திரும்பிப் போனாங்களா?”

“ஆமாங்கம்மா.”

“அது தப்பு.”

“தெரியுதுங்கம்மா.”

ரொம்ப நேரம் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கேயே மண்ணில் புதைந்துவிடலாம் போலிருந்தது. பிறகு, கோபம் தணியாத குரலிலேயே, “எங்கிட்டக் கேட்டிருக்கலாமே நீ. பரீட்சை முடியிற வரைக்கும் சாவிய வச்சுக்கிறேன்னு ஒரு வார்த்த. நானே விக்கிறத தள்ளிப் போட்டிருப்பேன்,” என்றார்.

அப்படிக் கேட்கலாம் என்பதே எனக்கு அதுவரை தோன்றவில்லை. பெரிய வீட்டுக்காரர்களிடம் அப்படி ஒன்றைக் கேட்கலாம் என்று என் வீட்டில் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கூப்பிட்டதும் டாக்டரம்மா எழுந்து போனார். வெளியே வரும்போது, ஆங்கிலம் எப்படி இருக்குது என்று கேட்டார். பரவாயில்லைங்கம்மா, கணக்குதான் என்றேன். தனக்கும் அந்தக் காலத்தில் கணக்குதான் வரவில்லை என்றார். அதைச் சொல்லும்போது முகம் கொஞ்சம் தளர்ந்திருந்தது.

ஸ்ரீமுஷ்ணத்துப் பையனுக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ் கிடைத்துவிட்டது என்று பிறகு செக்ரட்டரி மூலம் தெரிந்தது. அதைக் கேட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் சரியாக வந்தது.

ஏப்ரலில் பரீட்சை எழுதினேன். ஜூனில் அந்த அக்கா குடி வந்தாங்க. எங்கள் வீட்டுக்காரர்தான் சாமான் தூக்கிக் கொடுக்கப் போனார். அதே மாதம் ரிசல்ட்டும் வந்தது. கணக்கு மட்டும் போய்விட்டது. மற்றதெல்லாம் பாஸ். செப்டம்பரில் அதை மட்டும் மறுபடி எழுதலாம் என்றார் சிஸ்டர். எங்கள் அறையில் உட்கார்ந்து இனி படிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ரெண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் சங்கத்து மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன்.

“அக்கா, மத்தியானத்துல ரெண்டு மணி நேரம் இங்க வந்து படிக்கட்டுமா?”

என் வாழ்க்கையில் நான் நேராகக் கேட்ட முதல் கேள்வி என்று அதைத்தான் சொல்வேன். அந்த அக்கா கையில் மாவு. அதோடேயே கதவை அகலத் திறந்தாங்க.

மூத்த பெண் அப்போது பத்தாவது வந்துவிட்டாள். கணக்கில் கெட்டிக்காரி. நான் அவர்கள் வீட்டு மேஜையில் தனியாகத் தடுமாறுவதைச் சனி ஞாயிறுகளில் நாலு தடவை பார்த்தாள். அஞ்சாவது தடவை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். “அத்த, நீங்க விடைய மொதல்லயே பாத்துடுறீங்க, அதான் வர மாட்டேங்குது,” என்றாள். உண்மைதான். அவள் பின்பக்கத்து விடைகளை எல்லாம் ஒரு தாளால் மூடிப் பசை போட்டு ஒட்டிவிட்டாள். அதற்குப் பிறகு லீவு நாட்களில் அவள் எனக்கு அல்ஜீப்ரா சொல்லிக் கொடுத்தாள், நான் அவளுக்குத் தமிழ்க் கட்டுரை எழுதப் பழக்கினேன். சின்னவள் எங்கள் ரெண்டு பேருக்கும் மார்க் போடுவாள், எனக்கு எப்போதும் ரெண்டு மார்க் குறைத்துத்தான்.

அதற்குள் அந்த அக்கா சங்கத்துக் கூட்டத்துக்கும் போக ஆரம்பித்திருந்தாங்க. மோட்டாரை மத்தியானம் ஒரு தடவை போட்டால் என்ன என்று கேட்டாங்களாம். இத்தனை வருஷமாக யாரும் கேட்காததால் போடவில்லை என்றாராம் செக்ரட்டரி. வக்கீல்தான் அதை வழிமொழிந்தாராம். அவர் வீட்டிலும் மத்தியானத்தில் தண்ணீர் நின்றுவிடுமாம்.

செப்டம்பர் பரீட்சை ரிசல்ட் பேப்பரில் நம்பர் நம்பராகத்தான் வரும். அன்றைக்கு எங்கள் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து நேரே என்னை ஜங்ஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிளாட்பாரத்துப் புத்தகக் கடையில் பேப்பரை வாங்கி ஒரு பெஞ்சில் விரித்தோம். கிளேஸ் காய்ந்து வெள்ளையாக இருந்த விரலை வரிசை வரிசையாக ஓட்டிக்கொண்டு வந்தார். எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை, எதிரே நின்ற கூட்ஸ் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் விரல் நின்றது. என் ஹால் டிக்கெட்டை வாங்கி ரெண்டு தடவை ஒத்துப் பார்த்தார். பிறகு பேப்பரை மடிக்காமல் அப்படியே என்னிடம் நீட்டினார். அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

அங்கிருந்து நடந்து சங்கத்து மாடிக்குப் போய்ச் சொன்னோம். மூத்தவள் தான் பாஸானதுபோலக் குதித்தாள். அந்த அக்கா பால் பாயசம் வைத்தாங்க. எங்கள் வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் முதல் முறையாக, தான் பதித்த சுவர் இருக்கிற வீட்டில் விருந்தாளியாக உட்கார்ந்து சாப்பிட்டார். டாக்டரம்மாவுக்கு ஒரு கார்டு எழுதினேன். அதற்கு ரெண்டே வரியில் பதில் வந்தது, கணக்கில் எத்தனை மார்க் என்று கேட்டு.

மறுவாரம் சிஸ்டரைப் பார்க்கப் போனேன். பள்ளிக்கூட ஆபீஸில் ஒரு கிளார்க் வேலை காலியாகப் போகிறது என்றார். ஆனால் டைப் அடிக்கத் தெரிந்திருக்க வேண்டும், உனக்குத் தெரியாதே என்று யோசித்தார்.

“எத்தன நாள் டைம் குடுப்பீங்க சிஸ்டர்?” என்று கேட்டேன்.

அவர் காலண்டரைப் பார்த்தார். ஆறு மாதம் என்றார். கடைத்தெருவில் துணிக்கடைக்கு மேலே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. அந்தத் திங்கட்கிழமையே போய்ச் சேர்ந்தேன்.